பையனுக்கு முதல் துப்பாக்கி: எதை வாங்குவது?

"அப்பா! எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தா!"

அமெரிக்காவில் 10 வயதுப் பையன் இப்படிக் கேட்டால் வீட்டில் யாரும் திடுக்கிட மாட்டார்கள். நம் ஊர்ப் பையன் சைக்கிள் கேட்பது மாதிரி, அங்கே கிராமத்துப் பையன் துப்பாக்கி கேட்பான். கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கினால் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும்.

அவன் கேட்பது வேட்டைத் துப்பாக்கி அல்ல; காற்றுத் துப்பாக்கி. அதில் வெடி மருந்து கிடையாது. தோட்டா கிடையாது. புகையும் வராது. உள்ளே அடைபட்ட காற்று, ஒரு சின்னஞ்சிறு ரவையை வெளியே தள்ளுகிறது. அவ்வளவுதான்.

திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் கடற்கரையிலும் பலூன் சுடுகிறார்களே, அந்தத் துப்பாக்கியின் இனத்தைச் சேர்ந்ததுதான் இது.

"விளையாட்டுச் சாமான்தானே!" என்று நினைத்து, கடையில் பளபளப்பாக இருப்பதைத் தகப்பனார் வாங்கி வந்தால் ஆபத்து. "அந்தப் பேச்சே எடுக்காதே!" என்று தாயார் அதட்டினால், பையன் பக்கத்து வீட்டுப் பையனின் துப்பாக்கியைத் தொட்டுப் பார்ப்பான். அதுவும் ஆபத்து.

அப்படியானால் என்ன செய்வது? எந்த வயதில் வாங்குவது? எதை வாங்குவது?

காற்றாலைக் கம்பெனியில் பிறந்தது

இந்தத் துப்பாக்கியின் கதை வேடிக்கையானது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் பிளிமத் என்று ஓர் ஊர். அங்கே 1882-ம் ஆண்டு ஒரு கம்பெனி தொடங்கினார்கள். துப்பாக்கி செய்வதற்காக அல்ல. விவசாயிகள் தண்ணீர் இறைக்க இரும்புக் காற்றாலை செய்து விற்பதற்காக!

கிளாரன்ஸ் ஹாமில்டன் என்பவர் முழுக்க உலோகத்தால் ஆன ஒரு காற்றுத் துப்பாக்கியைச் செய்து, அந்தக் கம்பெனிக்குக் கொண்டு வந்தார். கம்பெனி நிர்வாகி அதை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். "இது ஒரு டெய்சி!" என்று வியந்தாராம். "டெய்சி" என்பது ஒரு பூவின் பெயர். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சில், "பலே! ஜோர்!" என்பதற்கும் அதே சொல்தான்.

அந்தப் பெயரே துப்பாக்கிக்கு நிலைத்துவிட்டது.

காற்றாலை வாங்கும் விவசாயிக்குத் துப்பாக்கியை இனாமாகக் கொடுத்தார்கள். கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? காற்றாலையைக் கேட்பார் இல்லை. இனாமுக்குத்தான் கிராக்கி! 1895-ம் ஆண்டு கம்பெனியின் பெயரையே "டெய்சி" என்று மாற்றி விட்டார்கள். 1958-ல் கம்பெனி ஆர்கன்சா மாகாணத்தில் உள்ள ரோஜர்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. காற்றுத் துப்பாக்கிகளுக்கென்றே அங்கு ஒரு காட்சிசாலையும் இருக்கிறது.

இந்தக் கம்பெனி 1940-ம் ஆண்டு வெளியிட்டதுதான் "ரெட் ரைடர்" துப்பாக்கி. ரெட் ரைடர் என்பது, பத்திரிகைகளில் வந்த சித்திரக் கதையில் குதிரை மீது வரும் ஒரு வீரனின் பெயர். அந்தப் பெயரைச் சொன்னாலே பையன்கள் துள்ளினார்கள். பல குடும்பங்களில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையும் சுடக் கற்றுக்கொண்டது இதில்தான்.

சினிமா சொன்ன பாடம்

1983-ல் "எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி" என்ற சினிமாப் படம் வந்தது. சிரிப்புப் படம். அதில் ரால்ஃபி என்ற பையன் ரெட் ரைடர் துப்பாக்கிக்காக ஏங்குகிறான்.

"கண் போய்விடும்" என்று தாயார் மறுக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியையும் அதையே சொல்லுகிறாள். கடையில் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் அதையே சொல்லுகிறார்!

கடைசியில் தகப்பனார் வாங்கிக் கொடுத்து விடுகிறார். பையன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுகிறான். ஒரு தகரப் பலகையில் காகிதத்தை மாட்டிக் குறி பார்த்துச் சுடுகிறான். ரவை தகரத்தில் பட்டு எகிறித் திரும்பி வந்து அவன் முகத்திலேயே தாக்குகிறது!

நல்ல வேளை, கண் தப்பியது.

ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த ஒரு காட்சியில் மூன்று தவறுகள் இருக்கின்றன. சுட்ட இடம் தகரம். கண்ணுக்குத் தகுந்த பாதுகாப்பு இல்லை. பக்கத்தில் பெரியவர் ஒருவரும் இல்லை.

உயிருக்கும் ஆபத்து

இந்தத் துப்பாக்கியில் போடும் ரவை எஃகு உருண்டை. கொத்துமல்லி விதை பருமன்தான் இருக்கும். சைக்கிள் சக்கரத்தில் போடும் குண்டு மாதிரி வழவழப்பாக இருக்கும். இதற்கு "பி.பி." என்று பெயர்.

ரெட் ரைடரில் இருந்து கிளம்பும் ரவை ஒரு விநாடியில் 350 அடி வரை போகும் வேகம் உடையது. மணிக்குக் கணக்குப் பார்த்தால் 380 கிலோ மீட்டருக்கு மேல்! எக்ஸ்பிரஸ் ரயிலைவிடப் பல மடங்கு வேகம். ரவை சின்னது என்பதால் மரப்பலகையைத் துளைக்காமல் போகலாம். ஆனால் கண்ணில் பட்டால் கண் போனதுதான்.

இது சிறுவர் துப்பாக்கி. பெரியவர்களுக்கென்று செய்யும் காற்றுத் துப்பாக்கிகளில் விநாடிக்கு 1,000 அடி வேகம் உடையவையும் உண்டு. அவை உயிரையே வாங்கிவிடும்.

பொருள்களால் மக்களுக்கு ஆபத்து வராமல் கவனிக்க அமெரிக்க அரசாங்கம் ஒரு கமிஷன் வைத்திருக்கிறது. காற்றுத் துப்பாக்கிகளால் ஆண்டுக்குச் சராசரி 4 பேர் இறக்கிறார்கள் என்று அந்தக் கமிஷன் எச்சரித்திருக்கிறது. விநாடிக்கு 350 அடிக்கு மேற்பட்ட வேகம் உள்ள துப்பாக்கியை 16 வயதுக்குக் குறைந்தவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது அதன் யோசனை.

ஆகவே, "மருந்து இல்லாத துப்பாக்கிதானே" என்று யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது.

எந்த வயதில்?

அமெரிக்காவில் "ஃபோர் எச்" என்று ஒரு பெரிய சிறுவர் சங்கம் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆடு மாடு வளர்ப்பது, சமையல், தையல் எல்லாம் சொல்லிக் கொடுக்கும் சங்கம். துப்பாக்கிப் பயிற்சியும் உண்டு. அந்தப் பயிற்சியில் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்ப்பது இல்லை.

டெய்சி கம்பெனியோ, "ரெட் ரைடர் 10 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளுக்கு, அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்று சொல்லுகிறது.

வயது மட்டும் போதாது. பிள்ளையின் குணத்தையும் பார்க்க வேண்டும்.

"நில்" என்றால் உடனே நிற்கிறானா? கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசி எறிகிறானா? கத்திரிக்கோலை எடுத்தால் எடுத்த இடத்தில் திரும்ப வைக்கிறானா? இவற்றுக்கு நல்ல பதில் இல்லை என்றால், பையனுக்கு 12 வயது ஆனாலும் பொறுத்திருப்பதுதான் நல்லது.

சட்டையைப் போல அளவு பார்க்க வேண்டும்

"வளரும் பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே வாங்குவோம்" என்று சட்டை வாங்கலாம். துப்பாக்கி வாங்கக் கூடாது.

துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோளில் முட்டுக் கொடுத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்துச் சுட வேண்டும். கட்டை நீளமாக இருந்தால் பையன் முதுகைப் பின்னால் வளைப்பான். கழுத்தை நீட்டுவான். கை நடுங்கும். குறி தவறும்.

அளவு பார்க்க ஒரு பழைய வழி உண்டு. பையன் முழங்கையை மடக்கட்டும். அடிக்கட்டையின் முனையை முழங்கை மடிப்பில் வையுங்கள். அவனுடைய ஆள்காட்டி விரல் விசையைச் சிரமம் இல்லாமல் எட்டினால் அளவு சரி. எட்டாவிட்டால் அது அவனுக்குப் பெரிது.

அடுத்தது கனம். கடையிலேயே சோதிக்கலாம். காலித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, ஆள் இல்லாத சுவரைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லி, 20 வரை எண்ணுங்கள். அதற்குள் குழல் கீழே சாய்ந்துவிட்டால் கனம் அதிகம். ரெட் ரைடரின் எடை ஏறக்குறைய 1 கிலோ. நீளம் 35 அங்குலத்துக்குச் சற்று அதிகம். இன்னும் சிறிய பிள்ளைகளுக்காக அதே கம்பெனி, சுமார் 30 அங்குல நீளத்தில் "பக்" என்ற துப்பாக்கியையும் செய்திருக்கிறது.

தானே இழுக்க வேண்டும்

ரெட் ரைடரின் அடியில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகும். நெம்புகோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விசையைத் தட்டினால், சுருள்வில் விடுபட்டுக் காற்றை அழுத்தும். அந்தக் காற்று ரவையைத் தள்ளும்.

இந்த நெம்புகோலைப் பையன் தானே, ஒருவர் உதவியும் இல்லாமல் இழுக்க வேண்டும். இது மிகவும் முக்கியம்.

இழுக்கப் பலம் இல்லாத பையன் என்ன செய்வான்? குழல் முனையைத் தன் பாதத்தின் மேல் ஊன்றிக்கொண்டு இழுப்பான். அல்லது வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இழுப்பான். இழுக்கும்போது பிடி நழுவினால் நெம்புகோல் திரும்ப அடித்து விரலை நசுக்கும்.

பெரியவர்களின் துப்பாக்கிகள் சிலவற்றில் குழலையே மடக்கித்தான் சுருள்வில்லை இறுக்க வேண்டும். அதற்குப் பெரிய ஆளின் பலம் வேண்டும். முதல் துப்பாக்கியாக அவை உதவா.

வேகம் குறைந்தது குறி தவறாது!

கடைக்காரர் அட்டைப் பெட்டியைக் காட்டுவார். "இது 700 அடி, அது 1,000 அடி" என்பார். பையனின் கண்கள் விரியும். வேகம் அதிகம் என்றால் துப்பாக்கி உசத்தி என்று நினைப்பான். தகப்பனாரும் அப்படியே நினைப்பார்.

இங்கேதான் ஏமாறக் கூடாது.

ரோஜர்ஸ் நகரத்தில் சிறுவர்களுக்கென்று தேசியத் துப்பாக்கிப் போட்டி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. 8 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள் பல மாகாணங்களில் இருந்து குழுக் குழுவாக வருகிறார்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்தே சுடுகிறார்கள். தூரம் 5 மீட்டர். படுத்துச் சுட வேண்டும், உட்கார்ந்து சுட வேண்டும், மண்டியிட்டுச் சுட வேண்டும், நின்றும் சுட வேண்டும்.

அது மட்டும் அல்ல. எழுத்துப் பரீட்சையும் உண்டு! பாதுகாப்பு விதிகளைச் சரியாக எழுதாத பிள்ளை எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் பின்தங்கிவிடும்.

இந்தப் போட்டியில் பயன்படும் துப்பாக்கிக்கு "499" என்று நம்பர். பி.பி. துப்பாக்கிகளில் குறி தவறாததற்குப் பெயர் பெற்றது. அதன் வேகம் எவ்வளவு தெரியுமா? விநாடிக்குச் சுமார் 240 அடிதான்! சாதாரண ரெட் ரைடரைவிடக் குறைவு.

போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கே இந்த வேகம் போதும் என்றால், முதன்முதலாகச் சுடப் பழகும் பிள்ளைக்கு 1,000 அடி எதற்கு?

ஒரு ரவை போதும்

ரெட் ரைடரில் ஒரே தடவையில் 650 ரவைகளைப் போட்டு வைக்கலாம். பையனுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் பெற்றோருக்கு அதில் ஒரு கவலை இருக்கிறது.

ரவைகளை எல்லாம் கொட்டியாகிவிட்டது என்று நினைப்போம். ஒரே ஒரு ரவை எங்கேயாவது தங்கி இருக்கும். குலுக்கினால் சத்தம் கேட்காது. "காலித் துப்பாக்கி" என்று விளையாட்டாகத் தம்பியை நோக்கி நீட்டுவான். அதோடு விபரீதம்!

இது வெறும் பயம் அல்ல. டெய்சி கம்பெனியின் வேகம் மிகுந்த இரண்டு ரகத் துப்பாக்கிகளைப் பற்றி, 2001-ம் ஆண்டு அரசாங்கக் கமிஷனே வழக்குத் தொடுத்தது. ரவை உள்ளே சிக்கிக்கொண்டு, துப்பாக்கி காலி என்ற தோற்றத்தைத் தருகிறது என்பது புகார். கம்பெனி அதை மறுத்தது. 2003-ல் வழக்கு சமரசமாக முடிந்தது. பாதுகாப்புப் பிரசாரத்துக்குப் பணம் செலவிடக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

மேலே சொன்ன "499" துப்பாக்கியில் இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ரவையைக் குழல் முனை வழியாகப் போட வேண்டும். சுட வேண்டும். மறுபடியும் ஒரு ரவை போட வேண்டும்.

இதனால் ரவை வீணாகாது. பையன் அவசரப்பட மாட்டான். ஒவ்வொரு தடவையும் நிதானமாகக் குறி பார்ப்பான். பல ரவை போடும் துப்பாக்கியாக இருந்தால், தகப்பனார் ஒரு கிண்ணத்தில் 10 ரவைகளை மட்டும் எண்ணிக் கொடுக்கலாம்.

எஃகா, ஈயமா?

எஃகு ரவை விலை மலிவு. ஆனால் கெட்டியான பொருளில் பட்டால் எகிறித் திரும்பும். கருங்கல், இரும்பு, தகரம், கண்ணாடிப் புட்டி, மரக்கட்டை ஆகிய எதையும் எஃகு ரவையால் சுடக் கூடாது. தண்ணீரிலும் சுடக் கூடாது. அதன் மேல்மட்டத்தில் பட்டும் ரவை தெறித்துப் போகும்.

ஈய ரவை மெதுவானது. பட்ட இடத்தில் பெரும்பாலும் நசுங்கிவிடும். ஆனால் அதற்குத் தனித் துப்பாக்கி வேண்டும். அவற்றில் பல, வேகம் மிகுந்தவை. தவிர, ஈயம் உடம்புக்கு ஆகாது. ஈய ரவையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. ரவையை வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ள சிறுவர்கள் உண்டு. அதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

துப்பாக்கியோடு சேர்த்து வாங்க வேண்டியது, தெறிக்கும் ரவையைத் தாங்கும் பாதுகாப்புக் கண்ணாடி. சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது. சுடுகிற பையனுக்கு ஒன்று. பக்கத்தில் நிற்கும் தகப்பனாருக்கு ஒன்று. வேடிக்கை பார்க்கும் தங்கைக்கும் ஒன்று! இதற்குப் பணம் இல்லை என்றால் துப்பாக்கியையும் பிறகு வாங்கிக் கொள்ளலாம்.

தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டெலஸ்கோப் முதல் துப்பாக்கிக்கு வேண்டாம். குழலின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் சாதாரணக் குறி போதும். அதில் பழகினால்தான் கண்ணும் கையும் தேறும்.

எங்கே சுடுவது?

வீட்டிலேயே ஒரு நல்ல இலக்குச் செய்யலாம். ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் பழைய பத்திரிகைகளை நெருக்கமாக அடையுங்கள். முன்பக்கம் வட்டம் போட்ட காகிதத்தை ஒட்டுங்கள். பெட்டிக்குப் பின்னால் கனத்த ஜமக்காளத்தைத் தொங்க விடுங்கள். ரவை பெட்டிக்குள் தங்கிவிடும். தவறினாலும் துணியில் பட்டுக் கீழே விழும். மெல்லிய ரவையும் குறைந்த வேகமும் உள்ள பி.பி. துப்பாக்கிக்குத்தான் இது தாங்கும்.

அந்தத் திசையில் வாசலோ, ஜன்னலோ, நடைபாதையோ இருக்கக் கூடாது.

பையன் மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகள் சில உண்டு. துப்பாக்கியில் எப்போதும் ரவை இருக்கிறது என்றே நினைக்க வேண்டும். எந்த நேரத்திலும் குழலை ஆள் இருக்கும் பக்கம் திருப்பக் கூடாது. குறி பார்த்து முடிக்கும் வரையில் விசையில் விரல் வைக்கக் கூடாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. விசையைப் பூட்டும் பொத்தான் இருந்தாலும் அதை நம்பி ஏமாறக் கூடாது.

குருவியைச் சுடலாமா?

காகிதத்தைச் சுட்டுச் சலித்த பையனின் கண், மரத்தில் உட்கார்ந்திருக்கும் குருவி மேல் போகும். நம் ஊரில் உண்டிவில் கிடைத்த பையன் ஓணானைத் தேடுவான் அல்லவா? அதே கதைதான்!

பறவைகளைக் காப்பதற்கு அமெரிக்காவில் 1918-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. தோட்டத்துக்கு வந்து பாடும் பறவைகளில் பெரும்பாலானவற்றைக் கொல்லுவது அங்கே குற்றம். பையன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

தவிர, மேலே பார்த்துச் சுட்ட ரவை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

சாவி யாரிடம்?

துப்பாக்கி பையனுடையதாக இருக்கலாம். சாவி தகப்பனாருடையதாக இருக்க வேண்டும்.

சுட்டு முடித்ததும் ரவைகளை எண்ணி வாங்கி ஒரு டப்பாவில் போட்டு ஓர் இடத்தில் பூட்ட வேண்டும். துப்பாக்கியை வேறோர் இடத்தில் பூட்ட வேண்டும். கட்டிலுக்கு அடியிலும் கதவு மூலையிலும் சாத்தி வைக்கக் கூடாது. சிநேகிதர்கள் வந்த நேரத்தில் பையன் பெருமைக்கு எடுத்துக் காட்டுவான். பெரியவர்கள் வீட்டில் இல்லாத அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கண் போகிறது.

கடைக்குப் போகும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: பையனின் கைக்கு அளவானது, அவன் பலத்துக்கு இழுபடுவது, வேகம் குறைந்தது, முடிந்தால் ஒரு தடவைக்கு ஒரு ரவை போடுவது. அப்படிப்பட்ட துப்பாக்கிதான் முதல் துப்பாக்கி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அதை வாங்க வேண்டாம்.

வாரத்தில் ஒரு மாலை நேரமாவது பையன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கத் தகப்பனாருக்கோ தாயாருக்கோ பொழுது இருக்க வேண்டும். அந்தப் பொழுது இல்லாத வீட்டில், எவ்வளவு நல்ல துப்பாக்கியானாலும் கடையிலேயே இருப்பது நல்லது. பையனுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுக்கலாம்!